அப்பாவுக்குக் கோஸ்தான் என்று பெயர் வந்த வருஷம்

அந்தத் தோட்டத்தில் பிறந்து, இன்றைக்கு ஈப்போவிலும் கிள்ளானிலும் உட்கார்ந்து முட்டிவலி மாத்திரை விழுங்கிக்கொண்டிருக்கிற நமக்குள் பேசிக்கொள்ளும் விஷயம் இது. அதனால் மலையில் பனி எப்படி இறங்கும், தேயிலைக் காடு எப்படிப் பச்சையாக இருக்கும் என்றெல்லாம் நான் எழுதப்போவதில்லை. கேமரன் மலைக்கு ஊர் சுற்ற வருகிறவர்கள் எழுதிக்கொள்ளட்டும். நான் சைக்கிளைப் பற்றிச் சொல்கிறேன்.

எழுபதுகளின் கடைசி. எங்கள் லயத்தில், ஒரே வரிசையில் ஒட்டி நின்ற இருபது வீட்டுக்கு ஏழெட்டு சைக்கிள் இருந்திருக்கும். தோட்டத்தில் சைக்கிள் கடை கிடையாது. பிரிஞ்சாங்கில் ஒரு சீனர் கடை உண்டு, ஆனால் பஞ்சரான சைக்கிளைத் தூக்கிக்கொண்டு அவ்வளவு தூரம் யார் போவது? எல்லாம் வீட்டு வாசலிலேயேதான் நடக்கும். தன் சைக்கிளோடு மற்ற எல்லாருடைய சைக்கிளையும் பார்ப்பவர் என் அப்பா. அது அவருடைய தொழில் இல்லை. தொழிற்சாலையில் இலை காயவைக்கிற அடுப்புக்கு விறகு போடுவதுதான் அவர் வேலை. விடிவதற்கு முன்பே கிளம்பி, லயத்திலிருந்து தொழிற்சாலை வரைக்கும் ஒரே இறக்கமாகச் சைக்கிளில் போவார். திரும்பி வரும்போது உருட்டிக்கொண்டு வருவார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வாசலில் கோணிச்சாக்கை விரித்து, சைக்கிளைத் தலைகீழாக நிறுத்துவார். டயர் கழற்றுவதற்குத் தனியாகக் கருவி எதுவும் இல்லை. அம்மாவின் இரண்டு கரண்டிகள்தான் கருவி.

"எங்கங்க என் கரண்டி?" என்று அம்மா அடுப்படியிலிருந்து கத்துவாள்.

"சக்கரத்துக்குள்ள இருக்கு. சாப்பாட்டுக்கு முன்ன வந்துரும்லா" என்பார் அப்பா.

டியூபைத் தண்ணீர்ப் பேசினில் அமுக்கிக் குமிழி வருகிற இடத்தைக் கண்டுபிடிப்பது என் வேலை. அந்தத் தண்ணீரில் கையை வைத்தால் கொஞ்ச நேரத்தில் விரல் இருக்கிறதா இல்லையா என்றே தெரியாது. பம்ப்புக்குள் இருக்கிற தோல் வாஷருக்குத் தேங்காயெண்ணெய் பூச வேண்டும். நம் ஊரில் தேங்காயெண்ணெய் என்றைக்கு எண்ணெயாக இருந்தது? வெள்ளைக் கட்டியாக உறைந்து கிடக்கும். போத்தலை அடுப்போரம் வைத்து, உருகுகிறதா என்று ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை ஓடிப்போய்ப் பார்ப்பேன். சக்கர அச்சிலிருந்து எடுத்த இரும்புக் குண்டுகளைப் பால்டின் மூடியில் போட்டு நான்தான் காவல் இருப்பேன். ஒன்று உருண்டு கால்வாயில் விழுந்தால் அன்றைக்குப் பகல் முழுக்கத் தேட வேண்டியதுதான்.

ஞாயிற்றுக்கிழமை செய்வதெல்லாம் சில்லறை வேலை. பெரிய வேலை வருஷத்துக்கு ஒருமுறை, ஆயுத பூஜைக்கு முதல் நாள் நடக்கும். சைக்கிளை முழுதாகப் பிரித்து, மண்ணெண்ணெயில் கழுவி, துரு தேய்த்து, பழைய பிரேக் கட்டைகளை எறிந்துவிட்டுப் புதுசு போடுவார் அப்பா. பிரிஞ்சாங்கிலிருந்து எட்டுக் கட்டை வாங்கிவருவார். நான்கை மாட்டி, நான்கை அவசரத்துக்கென்று பிஸ்கட் டின்னில் போட்டு வைப்பார். மறுநாள் குளித்து முழுகி, அம்மா வந்து விளக்குக்கும் ஹேண்டிலுக்கும் சந்தனம் குங்குமம் வைப்பாள். சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, லயத்துச் சைக்கிள்களெல்லாம் வரிசையாகக் கிளம்பும். எங்கள் லயத்தில் யாருமே தேதி பார்த்துப் பிரேக் கட்டை மாற்றியதில்லை. பூஜை வந்தால் மாற்றுவார்கள். அவ்வளவுதான் கணக்கு.

அந்த வருஷம் மார்ச் மாதம் அம்மா இறந்தாள். மஞ்சள்காமாலை. எனக்குப் பதினோரு வயது. எனக்கு முன்னால் பிறந்த இரண்டும் தங்கவில்லை, பின்னால் யாரும் வரவில்லை. ஆக வீட்டில் அப்பாவும் நானும்தான்.

நான் அழவில்லை. இதைச் சொல்ல இன்றைக்கும் எனக்குக் கூச்சம்தான், ஆனால் அழவில்லை. எல்லாரும் என்னைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். யாருடைய சேலையில் என்ன வாசனை என்பதுதான் எனக்கு ஞாபகம் இருக்கிறது. அப்பாவும் அழவில்லை. வேலைக்குப் போனார், வந்தார், தட்டில் போட்டதைச் சாப்பிட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் சாக்கு விரிக்கவில்லை. சைக்கிளோடு வந்த ஆட்கள் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, "பரவால்லண்ணே, வருசம் திரும்பட்டும், அப்பறம் பாத்துக்கலாம்" என்று உருட்டிக்கொண்டு திரும்பிப் போனார்கள்.

எதிர்வீட்டுப் பெரியம்மாதான் எங்களுக்கு ஆறு மாதம் குழம்பு கொடுத்து அனுப்பினாள். சொந்தப் பெரியம்மா இல்லை. அம்மாவோடு கொழுந்து எடுத்தவள். வாய் பொல்லாத வாய், கை தங்கமான கை. துக்க வீட்டில் என்ன செய்யலாம், என்ன செய்யக்கூடாது என்பதற்கெல்லாம் லயத்துக்கு அவள்தான் சட்டப் புத்தகம்.

ஜூலை வாக்கில் அந்தச் சத்தம் ஆரம்பித்தது. விடிகாலையில் அப்பா இறக்கத்தில் இறங்கும்போது, க்ரீச்சென்று இரும்பு இரும்பை உரசும். கட்டை தேய்ந்து உள்ளே இருக்கிற தகரம் சக்கர ரிம்மில் பிடிக்கிறது என்று எனக்குத் தெரியும். நான் படுக்கையிலிருந்தபடியே கேட்டுக்கொண்டிருப்பேன். முதல் வளைவு, பிறகு பெரிய வளைவு, அதற்குப் பிறகு சத்தம் நின்றுவிடும். நின்றால் அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார் என்று அர்த்தம். அப்புறம்தான் புரண்டு படுப்பேன். அம்மா போய்விட்டாள், இவரும் போய்விட்டால் நான் யார் வீட்டில் இருப்பேன்? இப்படித்தான் யோசித்தேன். பயம் என்று சொல்ல முடியாது. பாடப் புத்தகத்துக் கேள்வியைப் போல அது மனசில் நின்றுகொண்டிருந்தது, விடை தெரியவில்லை.

ஒருநாள் சாப்பிடும்போது சொன்னேன். "அப்பா, பிரேக் கட்டை தேஞ்சு போச்சு. சத்தம் வருது."

"பூசைக்கு மாத்திக்கலாம்" என்றார். அடுத்த கவளத்தைப் பிசையும்போதுதான் அவருக்கே நினைவு வந்தது. "இந்த வருசம் நமக்குப் பூசை இல்லல்ல. அடுத்த வருசம் பாப்போம்மா."

"டின்னுல நாலு கட்டை இருக்குப்பா. பூசை போட வேணாம், கட்டைய மட்டும் மாத்தினா என்னா?"

"கழட்டினா தொடைக்கணும். தொடச்சா பொட்டு வைக்கத் தோணும்மா" என்றார்.

துக்கம் காக்கிற வருஷத்தில் நல்லநாள் பெருநாள் கிடையாது என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான். தீபாவளிக்கு எண்ணெய்ச் சட்டி வைக்கக்கூடாது, பொங்கலுக்குப் பானை வைக்கக்கூடாது. சரி. ஆனால் பிரேக் கட்டை மாற்றுவதும் அந்தப் பட்டியலில் சேர்ந்துவிட்டதை அங்கே யாருமே தப்பாக நினைக்கவில்லை. பூஜைக்குத்தானே மாற்றுவோம், பூஜை இல்லையென்றால் மாற்றுவதில்லை. இப்போது நினைத்தால் எனக்குக் கோபம் வருகிறது. அன்றைக்கு வரவில்லை.

ஆயுத பூஜை வந்தது. மழைக்காலம். லயத்தில் எல்லா வீட்டு வாசலிலும் சைக்கிள், கத்தரி, மண்வெட்டி எல்லாம் கழுவித் துடைத்துப் பொட்டு வைத்து நின்றன. மத்தியானம் தொழிற்சாலையில் மிஷின்களுக்குப் பூஜை. துரை வருவார், பொரிகடலை கொடுப்பார்கள் என்று லயமே கீழே இறங்கிப் போய்விட்டது. அப்பாவும் போனார். உள்ளே போகமாட்டார், கேட்டுக்கு வெளியே நிற்பார். அன்றைக்கு நடந்து போனார். சைக்கிள் வீட்டுச் சுவரோரம் சேறு பிடித்து நின்றது.

நான் சாக்கை விரித்தேன். சைக்கிளைத் தலைகீழாக்குவதற்குள் இரண்டு தடவை என் மேலேயே விழுந்துவிட்டது. பிஸ்கட் டின்னிலிருந்து ஸ்பானாவை எடுத்து, பிரேக்கின் நான்கு கூடுகளையும் கழற்றினேன். ரப்பர்க் கட்டை உட்காருகிற தகர உறையைத்தான் கூடு என்போம். நான்கும் துரு. நான்கையும் ஒரே பால்டின்னில் மண்ணெண்ணெய் ஊற்றிப் போட்டேன். அங்கேதான் தப்பு நடந்தது.

கூட்டின் ஒரு முனை அடைத்திருக்கும், மறுமுனை திறந்திருக்கும். அடைத்த முனை சைக்கிள் போகிற பக்கம் பார்க்க வேண்டும். அப்போதுதான் சுழல்கிற சக்கரம் கட்டையை அந்த அடைப்பில் கொண்டுபோய் அழுத்தும். வலது கூட்டை இடது பக்கம் மாட்டினால் திறந்த முனை முன்னால் வந்துவிடும். பிரேக் பிடிக்கப் பிடிக்கச் சக்கரமே கட்டையை உருவி எறிந்துவிடும். அப்பா கூடுகளை எப்போதும் தனித்தனியாக வைத்துத்தான் கழுவுவார். அதை நூறு தடவை பார்த்திருக்கிறேன். ஏன் என்று கேட்டதில்லை.

"அடியே! என்னாடி பண்ற அங்க?"

பெரியம்மா. மழைக்குப் பயந்து பாதி வழியில் திரும்பி வந்திருக்கிறாள்.

"பிரேக் கட்டை மாத்துறேன், பெரியம்மா."

"இன்னிக்கா? அம்மா செத்து வருசம் திரும்பாத வீட்டுல, ஊரே பூசை போடுற நாள்ல சைக்கிளக் கழுவி வைக்கிறியா? ஒங்கப்பன் ஒருத்தன்தான்டி மிச்சம். அவனையும் முழுங்கிட்டு ஒக்காரணுமா ஒனக்கு?"

"நான் பூசை போடல. பொட்டும் வைக்கல."

"கழுவுறதே பூசைதாண்டி! மாட்டு மொதல்ல. மாட்டிட்டு எந்திரி."

இடுப்பில் கை வைத்து அவள் என் தலைக்கு மேல் நின்றாள். நான் டின்னுக்குள் கை விட்டு, கையில் வந்த கூட்டை எடுத்து, கட்டையைச் செருகி, மாட்டி முறுக்கினேன். நான்கையும் அப்படித்தான் மாட்டினேன். விரல்கள் விறைத்துப் போயிருந்தன. ஆனாலும் சோதித்துப் பார்த்தேன். தலைகீழாக நிற்கிற சைக்கிளின் சக்கரத்தை என் பக்கமாக இழுத்துச் சுழற்றி, பிரேக்கை அமுக்கினேன். பிடித்தது. கட்டை அசையவில்லை. நான் சுழற்றியது பின்பக்கமாக என்பது அப்போது தோன்றவில்லை.

அப்பா வந்ததும் பெரியம்மா வாசலிலேயே நிறுத்தி எல்லாவற்றையும் சொன்னாள். அப்பா சைக்கிளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"வேலை முடிஞ்சுதா?"

"முடிஞ்சுதுப்பா."

"சரி. கையக் கழுவு."

வேறு யாராவது கட்டை மாட்டியிருந்தால் அப்பா குனிந்து ஒவ்வொரு திருகையும் தொட்டுப் பார்த்திருப்பார். என் வேலையைப் பார்க்கவேயில்லை. என் மேல் அவ்வளவு நம்பிக்கை என்று அன்றிரவு எனக்குப் பெருமையாக இருந்தது. இப்போது தெரிகிறது, அந்த வருஷம் அவருக்குக் குனிந்து எதையும் பார்க்கத் தெம்பில்லை.

மறுநாள் விடிகாலை சைக்கிள் இறக்கத்தில் இறங்கியது. க்ரீச் சத்தம் இல்லை. முதல் வளைவு வரை காது கொடுத்துக் கேட்டேன். ஒன்றும் இல்லை. எத்தனையோ மாதத்துக்குப் பிறகு நான் நிம்மதியாகப் புரண்டு படுத்துத் தூங்கிவிட்டேன்.

தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்குகிற கங்காணி பள்ளிக்கூடத்துக்கு வந்தபோது நாங்கள் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தோம். வாத்தியார் என்னை வெளியே அனுப்பினார்.

"பாப்பா, அப்பா பெரிய வளைவுல விழுந்துட்டாரு. தொடை எலும்பு போச்சு. உசுருக்கு ஒண்ணுமில்ல. லோரியில தானா ராத்தா டவுன் ஆஸ்பத்திரிக்கு ஏத்திவிட்டாச்சு" என்றார்.

"சைக்கிள் எங்க?" என்று கேட்டேன்.

அவர் ஒரு மாதிரியாகப் பார்த்தார். "அப்பன் விழுந்து கெடக்கான், சைக்கிளக் கேக்குதே இது!" என்று வாத்தியாரிடம் சொன்னார். அது லயம் முழுக்கப் பரவியது. கல்நெஞ்சுக்காரி என்று பெயர் வாங்கினேன்.

சைக்கிளைக் கொண்டுவந்து எங்கள் சுவரில் சாய்த்திருந்தார்கள். ஹேண்டில் கோணியிருந்தது. பிரேக் கூடு நான்கும் காலி. திறந்த முனைகளெல்லாம் முன்பக்கம் பார்த்து நின்றன. அதைப் பார்த்த அந்த நிமிஷத்திலேயே எனக்குப் புரிந்துவிட்டது. யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. பெரியம்மா ஒரு வாளி மஞ்சள் தண்ணீரைக் கொண்டுவந்து சைக்கிள் மேல் ஊற்றி, "சாமி குத்தம், மன்னிச்சுக்கன்னு கும்புடு" என்றாள். கும்பிட்டேன். சாமி மேல் பழி போனது எனக்குச் சௌகரியமாக இருந்தது என்றுகூடச் சொல்லலாம்.

இரண்டு நாள் கழித்துப் பெரியம்மாவும் கங்காணியும் என்னை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார்கள். அப்பாவின் கால் கட்டுப் போட்டுத் தொங்கிக்கொண்டிருந்தது. முகத்தில் ஒரு பக்கம் தோல் இல்லை. பெரியம்மா பிளாஸ்க்கைத் திறந்து காப்பி ஊற்றினாள். கங்காணி கட்டிலில் உட்கார்ந்தார்.

"ஏய்யா, ஊரு சைக்கிளுக்கெல்லாம் நீதான் வாத்தியாரு. தொழிற்சாலை ஃபிட்டரு பாத்துட்டுச் சொல்றான், நாலு கட்டையும் திருப்பி மாட்டியிருக்குதாம். எவன்யா மாட்டுனது?"

அப்பா என்னைப் பார்த்தார். ரொம்ப நேரம் இல்லை. பிறகு கங்காணியைப் பார்த்தார்.

"நாந்தான்" என்றார்.

"நீயா?"

"அன்னிக்கு இவதானே சாக்கு விரிச்சு..." என்று பெரியம்மா ஆரம்பித்தாள்.

"அவ தொடச்சா, அக்கா. அவ்ளோதான். கட்டை மாட்டுனது நானு. பூசை முடிஞ்சு வந்து மாட்டுனேன்."

நான் கூடு மாட்டும்போது என் தலைக்கு மேல் நின்றவள் பெரியம்மா. நான்கு கூட்டையும் நான் முறுக்குவதைப் பார்த்தவள். அப்பாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிளாஸ்க் மூடியை இறுக்கிக்கொண்டே, "காப்பி ஆறுது, குடிங்க" என்றாள்.

கங்காணிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "அப்ப நீ முன்னால எறங்கல, கோஸ்தான் போட்டு எறங்கியிருக்க!"

கோஸ்தான் நமக்குத் தெரியாததா? லோரியைப் பின்னால் எடுக்கும்போது கிளீனர் பையன் தட்டிக்கொண்டே கத்துவானே, அந்தக் கோஸ்தான்தான். பக்கத்துக் கட்டில்காரரும் சிரித்தார். அப்பாவும் சிரித்தார். அம்மா போன பிறகு அவர் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன். எனக்கு அழுகை வந்திருக்க வேண்டும். ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவர் வீடு திரும்புவதற்குள் அந்தப் பெயர் லயத்துக்கு வந்துவிட்டது. கோஸ்தான் அண்ணன், கோஸ்தான் மாமா. சின்னப் பிள்ளைகள் கோஸ்தான் தாத்தா என்றார்கள். கால் ஒரு அங்குலம் குட்டையாகிவிட்டது. அடுப்பு வேலை போய், தூள் சலிக்கிற இடத்தில் உட்காருகிற வேலை கொடுத்தார்கள். வேலை இருந்ததால் தோட்டத்து வீடு போகவில்லை. அந்த மட்டில் பிழைத்தோம்.

மார்ச்சில் வருஷம் திரும்பியது. திதி கொடுத்த மறுவாரம், ஞாயிற்றுக்கிழமை, அப்பா சாக்கை விரித்தார். ஸ்பானாவைத் துடைத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். யாரும் வரவில்லை. வருஷம் திரும்பட்டும் என்று சொல்லிவிட்டுப் போனவர்கள், சைக்கிளை உருட்டிக்கொண்டு எங்கள் வாசலைத் தாண்டிப் போனார்கள். கடைசி வீட்டில் ஒருத்தர் புதிதாக இந்த வேலையைக் கற்றுக்கொண்டு செய்ய ஆரம்பித்திருந்தார். போகிற போக்கில், "என்னா கோஸ்தான், ஒடம்பு எப்படி இருக்கு?" என்று பிரியமாகத்தான் கேட்டார்கள். அப்பா, "இருக்கேன்லா" என்றார். மத்தியானம்வரை உட்கார்ந்திருந்துவிட்டு, நன்றாக இருக்கிற சொந்தச் சைக்கிளையே கழற்றி மாட்டினார். அடுத்த வாரமும் அப்படித்தான். அதற்கடுத்த வாரம் சாக்கு விரிக்கவில்லை.

ஒரு தடவை நான் வாயைத் திறந்தேன். பதினைந்து வயது இருக்கும். சமையலறையில் அவர் பம்ப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"அப்பா, அன்னிக்கு அந்தக் கட்டை..."

"எண்ணெ உருகிருச்சா பாரு" என்றார்.

போய்ப் பார்த்தேன். உருகியிருந்தது. எடுத்துக்கொண்டு வந்து கொடுத்தேன். அதோடு சரி.

அப்பா இறந்தபோது எனக்குக் கல்யாணமாகி, பையனுக்குப் பத்து வயது. ஈப்போவில் என் வீட்டில்தான் இறந்தார். தோட்டத்திலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்கள் வந்தார்கள். கங்காணி, அப்பாவோடு அடுப்பில் நின்றவர்கள், கடைசி வீட்டுக்காரர், எல்லாரும் தலை நரைத்துப் போயிருந்தார்கள். பெரியம்மாவைக் கைத்தாங்கலாகக் கொண்டுவந்து என் பக்கத்து நாற்காலியில் உட்காரவைத்தார்கள்.

பிணத்தைச் சுற்றி உட்கார்ந்து எவ்வளவு நேரம்தான் அழுவது? பிற்பகலில் பேச்சு அந்தக் கதைக்கு வந்துவிட்டது. கங்காணி கையை ஆட்டி ஆட்டிச் சொன்னார். ஊர் சைக்கிளையெல்லாம் ரிப்பேர் பார்த்த மனுஷன், தன் சைக்கிளுக்கு நாலு கட்டையும் திருப்பி மாட்டிக்கொண்டு இறங்கினார், பெரிய வளைவில் தேயிலைச் செடிக்கு மேலே பறந்தார் என்றார். எல்லாரும் சிரித்தார்கள். "தாத்தாவாம்மா?" என்று கேட்டு என் பையனும் சிரித்தான். மகள் வருத்தப்படுவாளோ என்று சில பேர் என் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள்.

பெரியம்மா சிரிக்கவில்லை. முட்டியில் கையை ஊன்றிக்கொண்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் சிரித்தேன்.